நீ கிறுக்கு என்று சொன்ன சிமெண்ட் தொட்டிகள்

கண்ணு,

நீயும் மருமகளும் பஸ் ஏறிப் போய் நாலு நாளாகிறது. கல்யாணத்துக்கு வாங்கிய வாடகைப் பாத்திரமெல்லாம் இன்றைக்குத்தான் திரும்பிப் போனது. வாசலில் கட்டிய வாழைமரம் வாடி நிற்கிறது, அதை அவிழ்க்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை. அப்பா மத்தியானச் சாப்பாடு முடித்துப் பட்டறைக்குப் போய்விட்டார். கை சும்மா இருக்கிற இந்த நேரத்தில் உனக்கு எழுத உட்கார்ந்தேன். க்ஷேமம் விசாரிக்க இல்லை. நீங்கள் இரண்டு பேரும் நன்றாகத்தான் இருப்பீர்கள், எனக்குத் தெரியும். உன்மேல் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. அதைத் தீர்த்துக்கொள்ளத்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மருமகளை மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனாயே, ஞாபகம் இருக்கிறதா? நான் வற்றல் காயப்போட்டுக்கொண்டு அந்தப் பக்கம்தான் இருந்தேன். கத்தரியும் வெண்டையும் நிற்கிற சாம்பல் நிறத் தொட்டிகளைப் பார்த்துவிட்டு அந்தப் பிள்ளை குனிந்து விரலால் தட்டினாள். "ஏனுங்க, இது சிமெண்ட்டுங்களா? தட்டினா சத்தமே வேற மாதிரி வருதுங்களே" என்று உன்னைக் கேட்டாள். நீ என்ன சொன்னாய்? "அதெல்லாம் எங்கம்மாவோட கிறுக்கு, நீ வா" என்றாய். அவள் சிரிக்கவில்லை, இன்னொரு தரம் தட்டிப் பார்த்தாள். அந்த ஒன்றுக்காகவே அவளை எனக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. உன்னை மட்டும் அன்றைக்கே நாலு வார்த்தை கேட்டிருப்பேன், புது மாப்பிள்ளை என்று விட்டுவிட்டேன்.

உன்னைச் சொல்லியும் குற்றமில்லை. அது நடந்தபோது உனக்கு ஒன்பது பத்து வயசு. காங்கேயத்தில் அப்புச்சி வீட்டில், என் அப்பாவிடம், தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். லீவுக்கு வருவாய், தின்பாய், போவாய். வீட்டில் என்ன நடந்தது என்று உனக்கு யாரும் சொல்லவில்லை. அப்பா சொல்லுகிற ஆள் இல்லை. இப்போதுகூட நான் இதை எழுதுவது தெரிந்தால் "அதையெல்லாம் எதுக்குப் புள்ள கிளறிட்டு" என்பார். கிளறத்தான் போகிறேன்.

நம் வீடும் சலவைப் பட்டறையும் ஒரே மதில் சுற்றிய வளவுக்குள் இருப்பது உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் ஒரு விவசாயி மகளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நீ நினைத்துப் பார்த்திருக்க மாட்டாய். நான் கல்யாணமாகி வந்த முதல் நாளே, பட்டறையை நடத்திய உன் பெரியப்பா சொன்ன சட்டம் ஒன்றுதான். இந்த வளவுக்குள் செம்மண் வரக்கூடாது. கம்பெனியிலிருந்து வருகிற பனியன் துணியை வெளுத்து, அலசி, வளவு முழுக்க விரித்துக் காயப்போடுவார்கள். ஒரு பிடி செம்மண் ஈரத்துணியில் பட்டால் போதும், கறை விடாது. அதனால் முற்றத்தில் ஒரு துளசிச் செடிகூடக் கிடையாது, இருந்த இடமெல்லாம் கல் பாவிய தரை. தோட்டத்தில் வாய்க்கால் கரையிலேயே வளர்ந்தவள் நான். இங்கே பார்க்கிற பக்கமெல்லாம் வெள்ளை. முதல் இரண்டு வருஷம் எனக்குக் கண்ணே கூசிப்போச்சு.

அப்புறம் ஒரு ஐப்பசியில் நான் அந்தத் தப்பைச் செய்தேன். அப்புச்சி தோட்டத்துக்குப் போய் வந்தபோது ஆறு மண்தொட்டிகளில் அந்த ஊர்ச் செம்மண்ணையே நிரப்பி, கத்தரி நாற்று நட்டு, வண்டியில் சாக்குப் போட்டு மூடிக் கொண்டுவந்தேன். யாருக்கும் சொல்லாமல் மொட்டை மாடியில் ஒரு மூலையில் வைத்தேன். மாடிதானே, துணிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று என் புத்தி. பத்தாம் நாள் பிடித்தது ஒரு மழை. காற்றில் இரண்டு தொட்டி சாய்ந்து உடைந்து, செம்மண் கரைந்து, மாடித் தண்ணீர் இறங்குகிற குழாய் வழியாக ரத்தம் மாதிரி கொட்டியது. கீழே தாழ்வாரத்தில் தீபாவளிக்குப் போக வேண்டிய துணி அடுக்கியிருந்தது. முழு லோடும் போச்சு. மறுபடி வெளுத்ததில் நூல் இற்றுப்போய், கம்பெனிக்காரர் துணியைக் கையில் எடுத்துக் கிழித்துக் காட்டிவிட்டுப் போனார்.

உன் பெரியப்பா மாடிக்குப் போய் மிச்சத் தொட்டிகளைத் தூக்கி வளவுக்கு வெளியே எறிந்தார். எல்லாரையும் நிறுத்தி வைத்து, "இதை மாடில கொண்டாந்து வெச்சது யாரு?" என்று கேட்டார். வேலை செய்கிற ஆட்கள் எல்லாரும் நின்றார்கள். நான் அவர்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அப்போது உன் அப்பா முன்னால் வந்து, "நாந்தானுங்க அண்ணா" என்றார். அவ்வளவுதான். பெரியப்பா கையை நீட்டினார், அப்பா இடுப்பிலிருந்து மருந்து ரூம் சாவியை எடுத்துக் கொடுத்தார். வெளுப்பு மருந்தை அளந்து கலக்குகிற வேலை அதுவரைக்கும் உன் அப்பாவுடையது. பட்டறையிலேயே கௌரவமான வேலை அது. மறுநாளிலிருந்து ஈரத்துணி சுமக்கிற வேலைக்குப் போனார். அவரிடம் வேலை கற்றவர்கள் மருந்து கலக்க, இவர் தோளில் தண்ணீர் சொட்டச் சொட்டச் சுமந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற விஷயம் இது ஒன்றுதான், கண்ணு.

"நான் போய்ச் சொல்லிப்போடட்டுங்களா?" என்று அப்பாவிடம் எத்தனையோ தரம் கேட்டேன். "இப்பச் சொன்னா எனக்குப் பொய்யன்னு பேரு, உனக்குத் திருடின்னு பேரு. விடு புள்ள" என்றுவிட்டார். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். ஒரு நாள் மாடியில் ஒரு தோட்டத்தைப் போட்டு, ஒரு சொட்டு அழுக்குத் தண்ணீர் கீழே இறங்காமல் காட்டி, ஜெயித்த வாயால் நடந்ததைச் சொல்வோம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். அப்படிச் சொன்னால்தான் அப்பாவுக்கும் மரியாதை திரும்பும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் எதில் தோட்டம் போடுவது? மண்தொட்டி கூடாது. தகரம் துருப் பிடிக்கும், துருக்கறை செம்மண்ணைவிட மோசம். மரப்பெட்டி இற்றுவிடும். சிமெண்ட் தொட்டி என்றால் அந்தப் பழைய மாடி தாங்காது, ஏற்கெனவே ஒரு விட்டம் வளைந்திருந்தது. அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் ரேடியோவில் யாரோ ஒருவர் வீடு கட்டுவதைப் பற்றிப் பேசினார். வெளிநாட்டில் சிமெண்ட் குழம்பில் நுரையைக் கலந்து வார்க்கிறார்களாம். காய்ந்தால் உள்ளே முழுக்கப் பொடிப்பொடியாகக் காற்று நிற்குமாம். தண்ணீரில் போட்டால் மிதக்குமாம். எனக்கு உடனே இட்லி ஞாபகம்தான் வந்தது. மாவும் தண்ணீரும்தான், ஆனால் பொங்கினால் எப்படி லேசாகிவிடுகிறது! ரேடியோவில் பேசியவர் நுரைக்கு என்ன போட வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வருஷம் மிச்சமாகியிருக்கும்.

நுரை என்றதும் சலவைப் பட்டறைக்காரிக்கு வேறென்ன தோன்றும்? சோப்புதான். அலசுத் தொட்டி கட்டியதில் மிஞ்சிய சிமெண்ட் ஒன்றரை மூட்டை கொட்டகையில் கிடந்தது. மணலைப் பனியன் துணியில் சலித்தேன். சோப்பைக் கரைத்து மத்துப் போட்டுக் கடைந்தேன். நுரை பானையை மீறி வந்தது. எனக்கு ஒரே குஷி. அதைச் சிமெண்ட் குழம்பில் கொட்டிக் கிளறினேன். கண்ணெதிரே அத்தனை நுரையும் செத்து, திரிந்த பால் மாதிரி ஆகிவிட்டது. சோப்பு போதவில்லை என்று இன்னும் போட்டேன். இன்னும் திரிந்தது. இப்படி மாசக்கணக்கில் சோப்பைக் கொட்டினேன். வந்ததெல்லாம் உள்ளங்கையில் பொடிகிற கட்டியும், கனத்த கல்லும்தான். பெரியப்பா அந்தப் பக்கம் போகிறபோதெல்லாம், "அம்மிணி என்ன, சிமெண்ட்டுல மோர் கடையறீங்களா?" என்பார். ஆட்கள் சிரிப்பார்கள். அப்பா மட்டும் ஈரத்துணியோடு நின்று ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போவார்.

விடை என் கையிலேயேதான் இருந்தது. ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்து, என் முகூர்த்தப் பட்டுச்சேலையை அலசப் பூந்திக்கொட்டை ஊறப்போட்டிருந்தேன். நம் கிணறு உப்புத் தண்ணீர், சோப்பு அதில் நுரைக்கவே அடம்பிடிக்கும். பூந்திக்கொட்டைக்கு அந்தக் கவலையே இல்லை. சேலையை அலசிவிட்டு அந்தப் பாத்திரத்தைத் துவைக்கிற கல் பக்கத்தில் வைத்தேன். அந்தக் கல்லுக்குக் கீழே நான் அன்று விடியற்காலையில் கொட்டின சிமெண்ட் குழம்பின் மிச்சம் கிடந்தது. சிந்தின நுரை அதன் மேல் போய் உட்கார்ந்தது. நான் சேலையை உதறிக் கொடியில் போட்டு, சமையல் முடித்து, திரும்பி வந்து பார்க்கிறேன், நுரை அப்படியே உட்கார்ந்திருக்கிறது. சிமெண்ட்டின் சுண்ணாம்பு சோப்பைத்தான் கொல்கிறது, பூந்திக்கொட்டையை ஒன்றும் செய்யவில்லை. நான் போட்ட சத்தத்தில் அப்பா துணியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். பாம்பு என்று நினைத்துவிட்டாராம்.

அதற்கப்புறமும் லேசில் முடியவில்லை. பூந்திக்கொட்டையைக் கொதிக்க வைத்து, பிழிந்து, வடிகட்டி, பானையைக் கவிழ்த்தாலும் விழாத அளவுக்கு நுரையைக் கடைய வேண்டும். அதைக் குழம்பில் போட்டுக் கிளறக் கூடாது, கையால் அடியிலிருந்து மேலே மெதுவாகப் புரட்ட வேண்டும். பலகைப் பெட்டிக்குள் பழைய பனியன் துணியை விரித்து, தேங்காயெண்ணெய் தடவி, அதில் ஊற்ற வேண்டும். ஓரம் உடையாமலிருக்கக் காங்கேயத்திலிருந்து தேங்காய் நார் கொண்டுவந்து இழை இழையாகக் கலந்தேன். பூந்திக்கொட்டை சேர்ந்தால் சிமெண்ட் இறுகத் தாமதமாகிறது என்பதை இரண்டாம் நாளே பெட்டியைப் பிரித்துத்தான் தெரிந்துகொண்டேன். தொட்டி அப்படியே கால் மடங்கின கன்றுக்குட்டி மாதிரி உட்கார்ந்துவிட்டது. நாலு நாள் பொறுத்து, ஈரச்சாக்குப் போட்டு மூடி வைத்த பிறகு வந்தது பார் ஒரு தொட்டி! ஒரு முழ அகலம், இரண்டு முழ நீளம். நான் ஒருத்தியே தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினேன்.

அங்கேதான் நம் வீட்டுப் புத்தி வேலையைக் காட்டியது. தொட்டி சாம்பல் நிறமாக இருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. இந்த வளவில் எது அழுக்காகத் தெரிந்தாலும் என்ன செய்வோம்? வெளுப்போம். கழிவாக வெளியே விடுகிற வெளுப்புத் தண்ணீரில் இரண்டு நாள் தொட்டியை ஊறப்போட்டேன். நிறம் ஒரு பொட்டுக்கூட மாறவில்லை. அதில் எருவையும் நார்த்தூளையும் நிரப்பி நாற்று நட்டேன். எட்டே நாளில் அத்தனையும் வெந்துபோச்சு. உலகத்திலேயே தோட்டத் தொட்டியைச் சலவைக்குப் போட்ட ஒரே பொம்பளை நானாகத்தான் இருப்பேன். உட்கார்ந்து அழுதேன். அப்பா வந்து, தொட்டியில் தண்ணீர் ஊற்றி, விரலைத் தோய்த்து நாக்கில் வைத்துப் பார்த்தார். மருந்து ரூமில் துணியைப் பிழிந்த தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்ப்பார்களே, அதே மாதிரி. "துணின்னா அலசாம விடுவியா? இதையும் அலசு. நாக்குல கரிக்காத வரைக்கும் தண்ணி மாத்து" என்றார். பதினாலு தரம் மாற்றினோம். சிமெண்ட்டின் காரமும் சேர்ந்து இறங்கியது. அடுத்து நட்ட நாற்று நின்றது. சாவியைப் பிடுங்கிவிட்டாலும் அந்த நாக்கை யாரும் அவரிடமிருந்து பிடுங்க முடியவில்லை.

நாற்று ஒரு சாண் வளர்ந்ததும் பெரியப்பாவிடம் போய் நின்றேன். மாடியில் தொட்டி வரிசை வைக்க உத்தரவு வேண்டும் என்றேன். அவர் வந்து தொட்டியைத் தூக்கிப் பார்த்தார், முகம் மாறியது, ஆனால் விடவில்லை. "இப்ப லேசாத்தான் இருக்குது அம்மிணி. தண்ணி ஊறி ஊறி நாலு மாசத்துல கல்லாட்டம் ஆயிடாதா? மாடி விழுந்தா யாரு மேல விழும்?" நியாயமான கேள்விதான். "ஆகாதுங்க மாமா. தண்ணில போட்டா மெதக்குமுங்க" என்றேன். "தொட்டின்னா அண்டாவாட்டம் மெதக்கும். கட்டியா ஒண்ணு வார்த்துக் கொண்டாங்க. காலைல அலசுத் தொட்டில போடுவோம். மில்லுல மத்தியானச் சங்கு ஊதற வரைக்கும் மெதந்தா மாடி முழுக்க உங்களுது. முழுகிப்போச்சுன்னா இந்தப் பேச்சையே எடுக்கப்படாது" என்றார். ஆட்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரிய கட்டி ஒன்று வார்த்தேன், அதே கலவை, அதே கை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கடைசி அலசுத் தொட்டியில் அதை இறக்கினேன். முங்கியது, எனக்கு உயிரே போச்சு, அப்புறம் மேலே வந்து ஆடியது. வேலை நின்றுபோய்விட்டது. சிமெண்ட் மிதக்கிறது என்று பக்கத்துப் பட்டறை ஆட்கள்கூட வந்தார்கள். பெரியப்பா ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பத்து மணிக்குக் கட்டி கொஞ்சம் கீழே இறங்கின மாதிரி இருந்தது. பதினோரு மணிக்கு இன்னும் கொஞ்சம். "இறங்குதுங்க, இறங்குது" என்று ஒருத்தன் கத்தினான். நான் பிடித்த தூணை விடவில்லை. உன் அப்பா மட்டும் வேலையை நிறுத்தவில்லை. தோளில் துணியோடு தொட்டியைக் கடந்து போவார், வருவார், ஒவ்வொரு தரமும் ஓரக்கண்ணால் பார்ப்பார். அந்தக் கட்டியோடு சேர்ந்து மிதந்துகொண்டிருந்தது அவர்தான் என்று எனக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது.

சங்கு ஊதியது. கட்டி மேலேயே நின்றது. கால்வாசி தலை தண்ணீருக்கு வெளியே, கெத்தாக! ஆட்கள் ஓவென்று கத்தினதை நீ கேட்டிருக்க வேண்டும். பெரியப்பா எழுந்து, முழங்கை நனையக் கையை விட்டு அதை எடுத்தார். கையில் வைத்து ஏற்றி இறக்கிப் பார்த்தார். "செயிச்சுப்போட்டீங்க அம்மிணி. மாடி உங்களுது" என்றார். ஒன்றரை வருஷமாக நான் காத்திருந்த நிமிஷம். எனக்கு அப்போது சந்தோஷமே வரவில்லை, கண்ணு. எதிரே ஈரத்துணியோடு நிற்கிற மனுஷன்தான் தெரிந்தார்.

"மாமா, இன்னொண்ணு சொல்லோணுங்க" என்றேன். "அன்னைக்குச் செம்மண் தொட்டியை மாடில கொண்டாந்து வெச்சது அவுங்க இல்லீங்க. நானுங்க." பெரியப்பா என்னைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தார். "ஏண்டா, இத்தனை நாளும் ஒரு வார்த்தை சொன்னியாடா?" அப்பா துணியை இறக்கி வைத்தார். "அது அவுங்கப்பா தோட்டத்து மண்ணுங்க அண்ணா. நீங்க அதைத் தூக்கி எறிஞ்சப்ப அவ மூஞ்சியை நீங்க பாக்கலீங்க, நான் பார்த்தனுங்க" என்றார். உன் பெரியப்பா கண் கலங்கி அன்றைக்குத்தான் பார்த்தேன். கட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, இடுப்பிலிருந்து சாவியை உருவி, எல்லார் முன்னாலும் தம்பி கையில் வைத்து அமுக்கினார். என்னைத் திரும்பிப் பார்த்து, "மாடி உங்களுதுதான் அம்மிணி. ஆனாச் செம்மண்ணு மட்டும் வேண்டாஞ் சாமி" என்றார். பட்டறையே சிரித்தது. நானும் அழுதுகொண்டே சிரித்தேன்.

அடுத்த தைக்குள் இருபது தொட்டி வார்த்தேன். கத்தரி, வெண்டை, கீரை, ஒரு பந்தல் அவரை. பட்டறைப் பெண்கள் எல்லாரும் வந்து கற்றுக்கொண்டு போனார்கள். யார் வீட்டுக்கு வந்தாலும் பெரியப்பா மாடிக்குக் கூட்டிப் போய், பூந்திக்கொட்டையை அவர்தான் கண்டுபிடித்த மாதிரி அளந்து விடுவார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன். வளைந்த விட்டம் அதற்குமேல் ஒரு விரல்கூட வளையவில்லை. நீ லீவுக்கு வந்து தின்ற கத்தரிக்காய்ப் பொரியல் எல்லாம் அந்தக் கிறுக்கில் காய்த்ததுதான்.

இப்போது நீ குடும்பஸ்தன், அதனால் ஒன்று சொல்கிறேன். ஜெயித்த பிறகு தப்பை ஒப்புக்கொள்ளலாம் என்று நான் காத்திருந்தது பெரிய பிசகு. அந்தக் கட்டி முங்கியிருந்தால்? நான் வாயைத் திறந்திருப்பேனா? சத்தியமாகச் சொல்ல முடியவில்லை. நீ அப்படிக் காத்திருக்காதே. தப்புச் செய்த அன்றைக்கே, தோற்ற வாயாலேயே சொல்லிவிடு. உன் அப்பா மாதிரி பெண்டாட்டிக்காக முன்னால் போய் நில், அது நல்லதுதான். ஆனால் அவள் தானே பேசுகிறேன் என்றால் "விடு புள்ள" என்று அவள் வாயை அடைத்துவிடாதே. அப்பாவிடம் நான் கண்ட ஒரே குறை அதுதான். அப்புறம், அவள் வீட்டுக்குள் எதையாவது போட்டுக் கடைந்துகொண்டிருந்தால் கிறுக்கு என்று சொல்லாதே. ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போ, அது போதும். எனக்கு அது போதுமாக இருந்தது.

தை நோம்பிக்கு, பொங்கலுக்கு வருவீர்கள் அல்லவா? மருமகளிடம் அந்தக் கேள்விக்கு நீயே சரியான பதிலைச் சொல். சமையல்கட்டுக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் ஒரு சாம்பல் கட்டியை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேனே, லீவுக்கு வந்தால் அதன்மேல் ஏறி நின்று உறியில் கைவிடுவாயே, அதுதான் அன்றைக்கு மிதந்த கட்டி. அண்டாவில் தண்ணீர் நிரப்பி அதை அவள் கையாலேயே போடச் சொல். நம்பிக்கை இல்லாமல் முழிக்காதே, நேற்றுக்கூடப் போட்டுப் பார்த்தேன். இன்னும் மிதக்கிறது.

உன் அம்மா